இரண்டாவது பிரேக்

பிப்ரவரி 6

எடைக்கல்லுக்கு,

பத்து நாளாகப் போன் அடிக்கிறேன். எப்போது அடித்தாலும் நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சித்தி சொல்கிறாள். ஒரு நாளைக்கு நாலு தடவை குளித்தால் அந்த முழங்கால் என்னத்துக்கு ஆகும்? பேச இஷ்டமில்லை என்று புரிந்துவிட்டது. கடிதத்தைக் குளியலறைக்குள் இருந்தபடி தட்டிக்கழிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எழுத வராது. பட்டறையில் குழாய் மேல் சாக்பீஸால் அளவு எழுதுவதோடு சரி. நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷமும் பந்தயத்தில் ஓட்டப் போகிறேன். உன்னை டாக்டர் இந்த வருஷம் வண்டி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். சைடுகார் பலகையில் ஆள் இல்லாமல் வண்டி முதல் திருப்பத்திலேயே கவிழ்ந்துவிடும். என் நாத்தனாரை ஏற்றியிருக்கிறேன். மூன்று வாரமாகப் பயிற்சி நடக்கிறது. வேறு யார் வாயிலிருந்தாவது நீ கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அவளுக்குக் கையில் நல்ல பலம். பேக்கரியில் மாவு மூட்டை தூக்கிப் பழகிய கை. ஆனால் உன்னைவிட ஒன்றேகால் அடி உயரம். நீ பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு நான் வைத்த பிடியை அவள் பிடித்தால் உடம்பு மடங்கிப் போகிறது. ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஒன்று பற்றவைத்திருக்கிறேன். உன்னுடையதை அறுக்க வேண்டும். இரண்டும் இருந்தால் இடைஞ்சல்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். வலது திருப்பம், மேடு, குதிப்பு எல்லாம் அவளுக்குச் சரியாக வருகிறது. இடது திருப்பத்தில் மட்டும் முன்னால் வந்து விழுகிறாள். ஹெல்மெட் என் முதுகில் இடிக்கிறது. ஒவ்வொரு இடது திருப்பத்திலும் இதே கதை. நீ அங்கே என்ன செய்வாய்? நான் முன்னால் பார்த்து ஓட்டுகிறவள். ஏழு வருஷத்தில் நீ தொங்குவதை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

மலைச்சரிவுப் பந்தயம் ஏப்ரல் 19. அங்கே இறக்கத்தில், அக்டோபரில் நாம் கவிழ்ந்த இடது திருப்பம் உனக்குத் தெரியும்.

சித்தி வீட்டு வாசலில் இரண்டு படி உண்டு. பார்த்து இறங்கு.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள் என்னிடம் ஆறுதல் வேறு சொன்னார். ஆகவே நீ முந்திக்கொள்ளவில்லை, நாலாவதாக வந்திருக்கிறாய். இந்த வருஷத்து முதல் பந்தயத்தில் நாலாவது இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள்.

நான் நன்றாக இருக்கிறேன். காலையில் டாக்டரிடம் போய்க் காலை மடக்கி நீட்டிவிட்டு, மிச்ச நேரம் சித்தியின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் சூட்டுக்கு முழங்கால் இதமாக இருக்கிறது. நேற்று வீட்டுப் பத்திரத்தை நகல் எடுக்க வந்த ஒருவர், கால் என்னாச்சு என்றார். சைடுகார் பந்தயம் என்றேன். அவர் முழிக்கவே விளக்கம் சொன்னேன். மோட்டார் சைக்கிளுக்கு இடது பக்கம் ஒரு பலகை, ஒரு சக்கரம். பலகையில் இருக்கை கிடையாது. காடு, மேடு, சேறு என்று வண்டி பறக்கும்போது அதில் ஒரு ஆள் நின்றும் குந்தியும் தொங்கியும் வர வேண்டும். இடது பக்கம் திரும்பினால் பலகைச் சக்கரம் தூக்கும், அதை அமுக்க வெளியே தொங்க வேண்டும். வலது பக்கம் திரும்பினால் பின்சக்கரத்துக்கு மேலே தாவ வேண்டும். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஓட்டுறது யாரு?" என்றார். எங்கக்கா என்றேன். "அப்ப நீங்க சும்மா கூடப் போனீங்களாக்கும்," என்றார். அவருடைய பத்திரத்தில் மூன்றாம் பக்கத்தைக் கோணலாக எடுத்துக் கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் வண்டி கவிழ்ந்த அன்றைக்கு என்னை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். நீ மூன்று முழம் தள்ளி நின்று பந்தயக் கொடிக்காரரிடம், "அவ லேட்டா சாஞ்சா. அவ்வளவுதான்," என்றாய். எனக்கு முழங்கால்தான் உடைந்திருந்தது, காது நன்றாகவே கேட்டது. லேட்டாகச் சாய்கிறவளிடம் வந்து எப்படிச் சாய வேண்டும் என்று கேட்கிறாயே, உனக்கே சிரிப்பு வரவில்லையா?

உன் நாத்தனாரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்த ஒட்டடைக்கம்புக்கு, பந்தயத்துக்கு வண்டியை ஏற்றிப்போகும் லாரியில் ஜன்னலோர இடத்தையும் கொடுத்துவிட்டாயா? என் பச்சைக் கையுறையைக் கொடுத்திருந்தால் எனக்குச் சொல்லாதே. கொடுக்காவிட்டால் சொல்.

இப்படிக்கு,
லேட்டாகச் சாய்ந்தவள்


பிப்ரவரி 25

எடைக்கல்லுக்கு,

கையுறை உன் அலமாரியில்தான் இருக்கிறது. அவள் கை அதற்குள் போகாது.

இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். நிலைமை மோசமாகிவிட்டது. உடம்பு முன்னால் பாய, கை பின்னால் நிற்க, தோள்பட்டை இழுத்துக்கொண்டது. அடுத்த வாரம் ஹெல்மெட் வாரின் பக்கிள் கிழித்துத் தாடைக்குக் கீழே மூன்று தையல். அவள் சிரித்துக்கொண்டே, "அண்ணி, இன்னொரு சுத்து போலாமா?" என்கிறாள். அழுது தொலைத்தாலாவது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

குறை சொல்ல வேறு எதுவும் இல்லை. குதிப்பில் அருமையாக இருக்கிறாள். பின்சக்கரம் தரையைத் தொடுவதே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் உன்னைவிட மெத்தென்று இறக்குகிறாள். உன் அத்தானும் அதையே சொன்னார். இடது திருப்பம் ஒன்றுதான். யோசித்துப் பார். கையை எங்கே வைப்பாய், காலை எங்கே வைப்பாய், எப்போது வெளியே போவாய்?

கொடிக்காரரிடம் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். நீ அன்றைக்கு லேட்தான். அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. யாருக்கும் ஒரு தடவை நடக்கும்.

ஜன்னலோரத்தில் உன் அத்தான்தான் உட்கார்கிறார். லாரி ஓட்டுவது இப்போது நான்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

கையுறை அவள் கைக்குப் போகாது என்று உனக்கு எப்படித் தெரியும்? போட்டுப் பார்த்திருக்கிறாள். நீயும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

மெத்தென்று இறக்குகிறாளாம். இந்த வரியைப் படித்தபோது கடையில் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவருடைய பிறப்புச் சான்றிதழை எழுபத்தைந்து நகல் எடுத்துவிட்டேன். சித்தி வந்து மெஷினை நிறுத்தி, "ஏண்டி, அந்தாளு எத்தனை தடவை பொறக்கப் போறாரு?" என்றாள். நான் பின்பக்கம் போய்க் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவளுடைய முழங்கால்மேல் பொறாமை. அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் பட்டறைக் கதவைத் தட்டுவதை நினைத்தால் வயிறு எரிகிறது. அவள் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி உதறும்போது காதுக்குப் பின்னாலிருந்து சேறு உதிருமே, அந்தச் சேற்றின்மேலும் பொறாமை. தாடையில் மூன்று தையல் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இரக்கம் இல்லை. அந்தத் தையல் எனக்கு வந்திருக்க வேண்டியது என்றுதான் தோன்றியது. உன் மாமியார் வீட்டிலிருந்து ஒருத்தி வந்து என் பலகையில் நிற்பாள், நான் அவளுக்குப் பாடம் எழுதி அனுப்ப வேண்டுமா?

அவள் ஏன் முன்னால் விழுகிறாள் என்று எனக்குத் தெரியும். உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. சொல்ல மாட்டேன். நான் லேட்டாகச் சாய்கிறவள், என் பேச்சை நம்பாதே.

தங்கை


மார்ச் 15

சொல்லாவிட்டால் போ.

இன்றைக்குக் காலையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பயிற்சித் திடலில் மூன்றாவது சுற்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து இடது திருப்பம். அவள் வெளியே தொங்கினாள். அடுத்த நொடி என் பின்னால் எடையே இல்லை. கை நழுவி முன்னால் போய்ப் பலகைச் சக்கரத்துக்கு முன்பாக விழுந்திருக்கிறாள். சக்கரம் அவள் தலைக்குப் பக்கத்தில் போயிருக்கிறது. ஹெல்மெட்டில் டயர் பட்டைகள் ஒவ்வொன்றும் பதிந்த தடம் இருக்கிறது. உரசியதற்கே அப்படி. நாலு விரல் தள்ளி ஏறியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அவள் எழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உன் அத்தான் கையில் வைத்திருந்த ஸ்டாப்வாட்சை நிறுத்தவே இல்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது அது ஒன்பது மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் நிறுத்த மாட்டேன் என்கிறாள். அவளை நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. எனக்கும் ஓட்ட வேண்டும். இப்படிப்பட்ட ஆள் நான், எழுதியே வைத்துவிட்டேன்.

உன் பிடியை நாளைக்கு அறுக்கிறேன்.


மார்ச் 18, விரைவுத் தபால்

அக்கா,

அவளை வண்டியில் ஏற்றாதே. இதைப் படித்து முடிக்கும்வரை ஏற்றாதே.

நீ இடது திருப்பத்துக்கு முன்னால் இரண்டு தடவை பிரேக் பிடிக்கிறாய். எல்லாரும் ஒரு தடவை பிடித்து, விட்டு, திருப்பி, ஆக்ஸிலேட்டரைக் கொடுப்பார்கள். நீ பிடித்து, விட்டு, வண்டி திரும்பத் தொடங்கும்போது இன்னொரு தடவை லேசாக ஒரு பிடி பிடிப்பாய். உனக்கே தெரியாது. முதல் வருஷம் இடது பக்கத் திருப்பத்தில் கவிழ்ந்து உன் காறை எலும்பு முறிந்தது அல்லவா, அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. வலது திருப்பத்தில் கிடையாது.

ஒழுங்காகக் கற்றுக்கொண்ட யாரும் முதல் பிரேக்கை நீ விட்டதும் வெளியே போய்விடுவார்கள். உன் நாத்தனார் செய்வது நூற்றுக்கு நூறு சரி. அவள் ஒரு கையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது நீ இரண்டாவது பிடி பிடிக்கிறாய், அவள் முன்னால் பறக்கிறாள். இறுக்கிப் பிடித்தால் தோள் போகும், விட்டால் தலை போகும். எனக்கு இது தெரிந்துதான் இறுக்கிப் பிடிக்கச் சொல் என்று எழுதினேன்.

நான் செய்தது இதுதான். நீ முதல் பிரேக்கை விட்டதும் நான் அசைய மாட்டேன். குந்தியபடி உன் வலது முழங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது இரண்டாவது தடவை உள்ளே மடங்கும். மடங்கி நிமிர்ந்ததும் ஒரே பாய்ச்சலில் வெளியே. அரை நொடி தாமதம். அந்த அரை நொடியில் பலகைச் சக்கரம் தூக்கத் தொடங்கியிருக்கும், அதை என் முழு உடம்பையும் போட்டு அமுக்குவேன். ஹெல்மெட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும், கூழாங்கல் வந்து டக் டக்கென்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்காக நான் இன்னொரு காலையும் கொடுப்பேன்.

ஏழு வருஷமாக ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நீ திருத்திக்கொண்டிருப்பாய். திருத்திக்கொண்டால் யார் வேண்டுமானாலும் உன் பக்கத்தில் தொங்கலாம். திருத்தாமல் இருந்தால் நான் மட்டும்தான் தொங்க முடியும். கணக்கு அவ்வளவுதான். பிப்ரவரியில் சொல்லாததற்கும் அதுவே காரணம். அவளிடம் எல்லாம் இருக்கிறது, உயரம், பலம், முழங்கால். என்னிடம் அந்த அரை நொடி மட்டும் இருந்தது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள அவள் தலையைப் பணயம் வைத்துவிட்டேன். டயர் தடம் என்று நீ எழுதியதைப் படித்தபின் என்னால் சாப்பிட முடியவில்லை.

இனி என் கேள்வி. அக்டோபரில் அந்தத் திருப்பத்தில் நான் உன் முழங்கையைப் பார்த்துக்கொண்டு வழக்கம்போல் காத்திருந்தேன். முழங்கை மடங்கவில்லை. நீ இரண்டாவது பிரேக் பிடிக்கவில்லை. அப்படியே ஆக்ஸிலேட்டரை முறுக்கித் திருப்பினாய். பலகை தூக்கியது. நான் உள்ளேயே இருந்தேன். அதைத்தான் நீ லேட் என்றாய்.

ஏன் பிடிக்கவில்லை?

தங்கை


ஏப்ரல் 2

குட்டி,

இரண்டு வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம், முதலில் நான் உன்னை நம்பவில்லை.

பிரேக் லீவரில் ஒரு சின்ன பல்ப் இணைத்து வண்டியின் பின்னால் பொருத்தினேன். உன் அத்தானைத் திடலின் நடுவில் நிற்கவைத்து, பலகையில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் மட்டும் மெதுவாக ஓட்டினேன். வலது திருப்பம் ஒவ்வொன்றுக்கும் பல்ப் ஒரு தடவை எரிந்தது. இடது திருப்பம் பதினொன்று. இருபத்திரண்டு தடவை எரிந்தது. அவர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். தப்பாக எண்ணிவிட்டீர்கள் என்று சண்டை போட்டேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி இருபத்திரண்டு.

உன் கேள்விக்குப் பதில் தெரியாது என்று எழுதலாம். நீ நம்பிவிடுவாய். இதற்கு முன் மூன்று கடிதம் அப்படி எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்தத் திருப்பத்தில் பத்திரிகைப் படக்காரர் நின்றிருந்தார். சிவப்புத் தொப்பி. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஏழு வருஷத்தில் நம் வண்டி எத்தனை தடவை பத்திரிகையில் வந்திருக்கிறது? ஒன்பது தடவை. நான் வெட்டி வைத்திருக்கிறேன். ஒன்பதிலும் நீ தொங்குகிறாய். என் முதுகு இருக்கும், சில சமயம் கை இருக்கும். ஒரு படத்திலும் என் தலை முழுசாக வந்ததில்லை. வண்டியை இழைத்து இழைத்துக் கட்டியவள் நான். ஓட்டுகிறவள் நான். பந்தயம் முடிந்து இறங்கினால் கூட்டம் உன்னைத்தான் சுற்றிக்கொள்ளும். பேக்கரிப் பெண் ஒருத்தி உன் பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று கேமராவை என் கையில் கொடுத்தாள். அது என் நாத்தனார்தான். அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கவில்லை, நான் யார் என்றே அவளுக்குத் தெரியாது. நான் படம் எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் இந்த ஒரு திருப்பமாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேகமாகப் போனால் அவர் கேமராவை என் பக்கம் திருப்புவார் என்று நினைத்தேன். பயமே இல்லை. எட்டிக் கடந்துவிடலாம் போல இருந்தது. அதனால் கை இரண்டாவது தடவை பிரேக்குக்குப் போகவில்லை. இப்போதுதான் புரிகிறது.

உன்னைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை, குட்டி. என் சொந்தத் தங்கையைப் பார்த்து. அது உன் முழங்காலைத் தின்றுவிட்டது. அதற்கும் மேலே நீ லேட் என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுக் கொடிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "அக்டோபர்ல என் தங்கச்சி லேட்டா சாயல. தப்பு என்னோடது," என்றேன். வாயில் நுரையோடு, "சரிம்மா," என்றார். நடந்ததையே அவர் மறந்திருந்தார். நான் விளக்கி, ஞாபகப்படுத்தி, மறுபடி சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அத்தானுக்கும் அவளுக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். நீ மறைத்ததையும் சேர்த்துத்தான். உன் அத்தான் எழுந்து போய்விட்டார். அவள் தாடையில் தையல் போட்ட தழும்பைத் தடவிக்கொண்டே, "நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி," என்றாள்.

இரண்டாவது பிரேக்கைப் பிடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பத்துக்கு ஆறு தடவை வெற்றி. இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். நாளைக்கு நீ இல்லையென்று சாதித்தால் காட்ட வேண்டும் அல்லவா.

மன்னிக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. ஒரு போட்டோவுக்காகவா? என்னிடம் கேட்டிருந்தால் அந்தப் படக்காரரின் தொப்பியைப் பிடித்து இழுத்துவந்து உன் மூஞ்சிக்கு நேராக நிறுத்தியிருப்பேன். டாக்டர் திங்கட்கிழமை சொல்லிவிட்டார். நடக்கலாம், படி ஏறலாம், பஸ்ஸில் நிற்கலாம். குந்தி உட்கார முடியாது. இந்த வருஷம் மட்டும் இல்லை, எப்போதுமே. நான் தலையாட்டிவிட்டு வந்து கடையைத் திறந்தேன். உன்மேல் கோபம் இருக்கிறது, அக்கா. அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த என்மேலும் இருக்கிறது, அதனால் மொத்தத்தையும் உன் தலையில் கட்ட முடியவில்லை.

அந்தப் பெண் என் பக்கத்தில் நின்று படம் எடுத்தது எனக்கு ஞாபகமே இல்லை. அவளும் என்னைப் பார்த்துத்தான் தொங்க ஆசைப்பட்டாளா? கேட்டுச் சொல். வேண்டாம், கேட்காதே.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பத்துக்கு ஆறு என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். மிச்சம் நாலு தடவை அவள் எங்கே இருப்பாள்? நீ பிடிப்பாய் என்று அவள் காத்திருந்து நீ பிடிக்காவிட்டால் அக்டோபர் திரும்பி வரும். பிடிக்க மாட்டாய் என்று அவள் வெளியே போய் நீ பிடித்துவிட்டால் தண்ணீர்த் தொட்டி திரும்பி வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருந்தக் கூடாது. நீ உன் பழைய வழக்கத்திலேயே ஓட்டு. அடுத்த வருஷம் வேண்டுமானால் தைரியசாலியாகு. அவளைக் காத்திருக்கச் சொல். வலது முழங்கை மடங்கி நிமிர்ந்ததும் போக வேண்டும். உன் சட்டையின் வலது முழங்கையில் ஏதாவது வெள்ளைத் துணி தைத்துவிடு, சேற்றிலும் தெரியட்டும்.

அந்த இறக்கத்தில் மூன்றாவது மேட்டில் நீ மூச்சைப் பிடித்துக்கொள்வாய். முதுகு கல்லாகிவிடும். அப்போது நான் உன் இடுப்பில் முழங்கையால் ஒரு இடி இடிப்பேன். அதையும் அவளிடம் சொல். ஓங்கி இடிக்கச் சொல், எனக்காக.

படம் வந்தால் அனுப்பு.

தங்கை


ஏப்ரல் 21

குட்டி,

நாலாவது இடம். பதினாலு வண்டியில். உன் முதல் கடிதத்தில் வாழ்த்தியிருந்தாயே, அதை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

முந்தின நாள் மழை. தடம் முழுக்கக் களி. புறப்படும் இடத்துக் கேட் விழுந்ததும் முன்னால் போன வண்டிகள் வாரியடித்த சேற்றில் என் ஹெல்மெட் கண்ணாடி அடைத்துவிட்டது. முதல் சுற்று முழுக்கக் குத்துமதிப்பாகத்தான் ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் ஒன்பதாவதாக இருந்தோம். மேட்டில் அவள் பின்சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கொடுத்த கொடுப்பில் வண்டி களியைக் கடித்துக்கொண்டு ஏறியது, இரண்டு வண்டிகளை அங்கேயே விட்டோம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு இறக்கம். மூன்றாவது மேட்டில் இடுப்பில் ஒரு இடி விழுந்தது. நீ ஓங்கி இடிக்கச் சொன்னாய் என்பதற்காக இப்படியா? இன்றைக்கும் நீலமாக இருக்கிறது. மூச்சு வந்துவிட்டது. முதல் பிரேக். விட்டேன். பின்னால் எடை அசையவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது இரண்டாவது பிரேக் வேண்டாம், போய்விடலாம் என்று கை துடித்தது. சிவப்புத் தொப்பியும் அங்கேயே நின்றிருந்தது. நான் பிடித்தேன். பிடித்து விட்டதும் எடை இடது பக்கம் வெளியே பாய்ந்தது, பலகை அமுங்கியது, வண்டி தரையை அணைத்துக்கொண்டு திரும்பியது.

பின்னால் பார்க்காமலே இது நீ இல்லை என்று தெரிந்தது. நேரம் உன்னுடைய நேரம்தான், எடை வேறு. மிச்சச் சுற்றெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினேன். இறங்கியபின் கண்ணில் சேறு என்றேன். அவள் நம்பவில்லை. "அண்ணி, அவங்க எப்படி இதை ஏழு வருஷம் பண்ணாங்க? ஒரு நாளுக்கே எனக்கு உசுரு போயிடுச்சு," என்றாள்.

பத்திரிகைத் துண்டை வைத்திருக்கிறேன். இந்தத் தடவை என் தலை பாதி வந்திருக்கிறது. முன்னேற்றம்தான். உன் அத்தான் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன் என்றார். முதலில் உனக்குப் போகட்டும் என்றேன். உன்மேல் இருந்த கோபத்தில் அவர் மூன்று வாரமாக உன் பெயரை எடுக்காமல் இருந்தார். இப்போது முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்று ஆள் ஆளாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்கு வரட்டுமா? குளித்துக்கொண்டிருந்தால் வாசலில் காத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

படம் வந்தது. சித்தி வெளியே போகும்வரை காத்திருந்து, கடையில் பொடி எழுத்துப் பார்க்க வைத்திருக்கும் லென்ஸை எடுத்துப் பார்த்தேன்.

ஒட்டடைக்கம்பு நன்றாகத்தான் தொங்குகிறாள். ஹெல்மெட்டுக்கும் தரைக்கும் நடுவில் அரைச் சாண்கூட இல்லை. எனக்கு ஒரு சாண் இருக்கும். கை நீளம் அப்படி. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது, லென்ஸைக் கீழே வைக்கவும் முடியவில்லை. உன் பாதித் தலை அழகாக இருக்கிறது. வாயைத் திறந்து வைத்திருக்கிறாய், ஈ புகுந்திருக்கும்.

பிறகு அவள் முழங்காலுக்குக் கீழே பச்சையாக ஒன்று தெரிந்தது. அச்சில் மை சிந்தியிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். லென்ஸை நகர்த்திப் பார்த்தேன். பச்சை டேப் சுற்றிய என் பிடி. அறுக்கிறேன் அறுக்கிறேன் என்று இரண்டு கடிதம் எழுதிவிட்டு அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாய். அதை யாரும் பிடித்திருக்கவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தது. சித்தி திரும்பி வந்து, "கடையை மூடிட்டியா?" என்றாள். ஷட்டரை நான் எப்போது இழுத்துவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதை அறுத்துவிடு, அக்கா. வலது திருப்பத்துக்கு அவள் பின்சக்கரத்தின் மேலே தாவும்போது இடது முழங்கால் சரியாக அந்த இடத்தைத்தான் கடக்கும். இதுவரை இடிக்காமல் இருந்தது அவள் அதிர்ஷ்டம். நம் வீட்டுக்கு ஒரு முழங்கால் போதும். அடியோடு அறுத்து, கிரைண்டர் போட்டு மழமழவென்று தேய்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்னாலேயே செய்.

டேப்பைப் பிரிக்காமல் அந்தத் துண்டை எடுத்து வா. அவள் கேட்டாலும் கொடுக்காதே.

எடைக்கல்